கூட யார் வந்திருக்கிறார்கள்?

சென்ற இதழில், பாரிமுனைப் பக்கம் ஒரு கடை வாசலில் இருபது வருடமாகப் படுத்துவந்த பாட்டி எங்கள் காப்பகத்துக்கு வந்து சேர்ந்ததைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த மாதம் மேஜை நிறைய. அதனால் சர்க்கரை, முழங்கால் வலி, குழந்தை சாப்பிட மறுப்பது என்று கேட்டவர்கள் எல்லாம் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் 29 வருடம் நர்ஸாக இருந்தவள். ஓய்வு பெற்றபின் ஆறு வருடமாக வடசென்னையில், வீடற்ற பெண்களுக்கான ஒரு காப்பகத்தில் வேலை செய்கிறேன்.

கேள்வி: எங்கள் பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஆறு மாதமாக ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார். நாற்பது வயது இருக்கும். தனக்குத் தானே பேசிக்கொள்கிறார். தலை சடை பிடித்திருக்கிறது, காலில் புண். இட்லி வாங்கிக் கொடுத்தால் சில நாள் சாப்பிடுவார், சில நாள் தூக்கி எறிவார். ஒருமுறை ஆம்புலன்ஸை அழைத்தேன். “கூட யார் வருவீங்க?” என்று கேட்டார்கள். எனக்கு ஆபீஸ் இருந்தது, பயமும் இருந்தது. அவர்கள் போய்விட்டார்கள். அன்றிலிருந்து அந்தப் பக்கம் நடக்கவே கூச்சமாக இருக்கிறது. நான் என்ன செய்திருக்க வேண்டும்?
— ஒரு வாசகி, கொளத்தூர்

பதில்: கூசாதீர்கள் அம்மா. உங்களைக் கேட்ட அந்தக் கேள்வியை 29 வருடம் வாய் வலிக்கக் கேட்டவள் நான். ஸ்ட்ரெச்சர் உள்ளே வந்ததும் முதலில் பெயர், அடுத்து வயது, மூன்றாவதாக “கூட யாரு வந்திருக்கா?” கூட ஆள் இல்லாத நோயாளிக்கு அங்கே பாதி வைத்தியம்தான் நடக்கும். கெட்ட எண்ணத்தால் இல்லை. ஸ்கேனுக்கு டோக்கன் போட, ரத்தத்தை லேபில் கொண்டுபோய்க் கொடுக்க, கஞ்சி வாங்கிவர, பெட்பேன் வைக்க, “சிஸ்டர், டிரிப்ஸ் முடிஞ்சிருச்சு” என்று குரல் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். நாற்பது கட்டிலுக்கு இரவில் இரண்டு நர்ஸ் இருந்த வார்டு எங்களுடையது. கூட வந்தவர்களை நம்பித்தான் அது ஓடியது.

ஒரு பெரியவர் வந்தார். மூட்டை தூக்கிப் பிழைத்தவர், வால்டாக்ஸ் சாலை நடைபாதையில் படுப்பவர். சர்க்கரை நோய், வலது பாதத்தில் புண். யாரோ ஒரு போலீஸ்காரர் கொண்டுவந்து சேர்த்துவிட்டுப் போனார். பதினோரு நாள் டிரெஸ்ஸிங் செய்தோம். புண் சிவந்து நன்றாக ஆறத் தொடங்கியதும் டிஸ்சார்ஜ். சீட்டில் நானே எழுதினேன்: தினமும் கட்டு மாற்றவும், காலை நனைக்க வேண்டாம், காலை உயர்த்தி வைத்து ஓய்வெடுக்கவும், இன்சுலினைக் குளிர்ந்த இடத்தில் வைக்கவும். வாங்கிக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போனார். ஐப்பசி மாதம். மூன்றாம் வாரம் மறுபடி வந்தார், புண்ணில் புழு. சுத்தம் செய்து, ஆற்றி, மறுபடி அதே சீட்டு. மூன்றாம் முறை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது.

அந்த வாரம் டியூட்டி முடிந்து பஸ்ஸில் வருகிறேன், நல்ல மழை. சாக்கடை பொங்கி நடைபாதை மேல் ஓடுகிறது. காலை உயர்த்தி வை என்று எழுதினேனே, எதன் மேல் வைப்பார்? இன்சுலினை எந்தக் குளிர்ந்த இடத்தில் வைப்பார்? நாங்கள் கொடுத்த மருந்து எதுவும் தப்பில்லை. இங்கிருந்து இவர் எங்கே போவார் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஓய்வுக்குப் பிறகு இந்த வேலைக்கு நான் வந்ததற்கு அவருடைய கால்தான் காரணம்.

சரி, உங்கள் பஸ் ஸ்டாப்புக்கு வருவோம். முதல் நாளே ஆம்புலன்ஸ் வேண்டாம். புண்ணைச் சுற்றி வீங்கிச் சிவந்திருந்தாலோ, நாற்றம் வந்தாலோ, காய்ச்சலில் நடுங்கினாலோ மட்டும் உடனே அழையுங்கள். இல்லையென்றால் ஒரு வாரம் தினமும் ஒரே நேரத்துக்குப் போங்கள். அதே நேரம், அதே ஆள், ஒரு டீ. நின்றுகொண்டு பேசாதீர்கள், உட்காருங்கள். உங்கள் பெயரை முதலில் சொல்லுங்கள். அவருடைய மூட்டையைத் தொடாதீர்கள், தள்ளி வைக்கவும் வேண்டாம். நமக்குக் குப்பையாகத் தெரியும் அதுதான் அவருடைய வீடு. உணவைத் தூக்கி எறிவது திமிரால் இல்லை. விஷம் கலந்திருக்கிறது என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டிருக்கலாம். பிரிக்காத பிஸ்கட் பாக்கெட், தோல் உரிக்காத வாழைப்பழம், மூடி திறக்காத தண்ணீர் பாட்டில் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள்.

அதோடு காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுங்கள். 2017-ம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-வது பிரிவை மனதில் வைத்துக்கொண்டு போங்கள். மனநலம் குன்றி, தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் சுற்றித் திரிபவரைப் பாதுகாப்பில் எடுப்பது அந்த எல்லைக் காவல் நிலைய அதிகாரியின் கடமை என்று அது சொல்கிறது. லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். வீடற்றவர் என்றால் காணாமல் போனவராக எஃப்.ஐ.ஆர். போட்டுக் குடும்பத்தைத் தேட வேண்டும். அதே சட்டம் வீடற்றவர்களுக்கு அரசு மனநல சிகிச்சை இலவசம் என்றும் சொல்கிறது. சென்னைக் காவல்துறையில் 2021-லிருந்து ‘காவல் கரங்கள்’ என்று இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. நிலையத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், வேலை சீக்கிரம் நடக்கும்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். சேர்த்த இடத்தில் எடுத்தவுடன் மொட்டை அடிக்கப் பார்ப்பார்கள். பேன், சடை, நேரமில்லை என்று காரணங்கள் உண்டு, உண்மைதான். எங்கள் காப்பகத்தில் தேங்காய் எண்ணெய் ஊறவைத்து மூன்று நாள் உட்கார்ந்து பிரிப்போம். பிரியாததை மட்டும் வெட்டுவோம், அதுவும் கேட்டுவிட்டு. அந்த மூன்று நாளில்தான் பலர் முதல்முறையாகப் பேசுவார்கள். ஓர் அம்மா இரண்டாம் நாள் சாயங்காலம் தெலுங்கில் பாட ஆரம்பித்தார். அதுவரை அவர் என்ன மொழி என்றே எங்களுக்குத் தெரியாது. மாத்திரை தொடங்கி ஐந்தாவது வாரம் ஊர்ப் பெயர், அண்ணன் பெயர், பள்ளிக்கூடத்து வாசல் வேப்பமரம் எல்லாம் வந்தன. அண்ணன் வந்தார், அழுதார். கூட்டிப்போக முடியாது என்று சொல்லிவிட்டும் போனார். அந்த அம்மா இப்போது எங்கள் சமையலறையில் இருக்கிறார். அவர் வைக்கும் கோங்குரா பச்சடிக்காகவே நான் மதியச் சாப்பாடு கொண்டுபோவதை நிறுத்திவிட்டேன்.

கேள்வி: சென்னையில் வீடற்றோருக்குக் காப்பகங்கள் இருக்கின்றன என்கிறீர்கள். பிறகு ஏன் இத்தனை பேர் நடைபாதையில் படுக்கிறார்கள்? சும்மா கிடைக்கிற இடத்துக்கும் போக மாட்டேன் என்றால் யார் என்ன செய்ய முடியும்?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2010-ல் உச்ச நீதிமன்றம், பெரிய நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும், அது வருடம் முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. பின்னால் வந்த மத்திய அரசின் நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டமும் அதே வழியில், லட்சம் பேருக்குக் குறைந்தது 100 பேர் தங்க இடம் வேண்டும் என்றது. 2011 கணக்கெடுப்பின்போது விரிவாக்கப்பட்ட சென்னையின் மக்கள்தொகை 66 லட்சத்துக்கு மேல். அந்த அளவுப்படி எல்லாவற்றையும் கட்டி முடித்தாலும் 6,600 பேருக்கு இடம். அதே கணக்கெடுப்பில் சென்னை மாவட்டத்தில் மட்டும் வீடற்றவர்கள் 16 ஆயிரத்துக்கு மேல். அதுவும் பிப்ரவரி 28-ம் தேதி ஒரே இரவில் தெருத்தெருவாகப் போய் எண்ணியது. கடைக்குள்ளேயே படுத்துக்கொள்ளும் பையனும், மார்க்கெட் லாரி அடியில் தூங்குகிறவரும் ஓர் இரவுக் கணக்கில் எப்படி முழுக்க வருவார்கள்?

அப்புறம், ‘போக மாட்டேன்’ என்பவர்களின் பக்கத்தைக் கேளுங்கள். வால்டாக்ஸ் சாலை, என்.எஸ்.சி. போஸ் சாலை, ராயபுரம் பக்கம் நடைபாதையில் இருப்பவர்களில் பலர் குடும்பமாக இருப்பவர்கள். தாத்தா காலத்திலிருந்து அங்கேதான். பேத்திக்கு மஞ்சள் நீராட்டும் அங்கேதான் நடந்தது. ரேஷன் கார்டு உண்டு, பிள்ளை கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் படிக்கிறது. காப்பகம் என்றால் பெரும்பாலும் ஆண்கள் தனி, பெண்கள் தனி. ஒரு குடும்பம் உள்ளே போக வேண்டுமென்றால் அது முதலில் உடைய வேண்டும். கணவர் ஒரு காப்பகம், மனைவி இன்னொன்று, பத்து வயதுப் பையன் எங்கே என்று யோசனை. நீங்கள் போவீர்களா?

வேலையும் இருக்கிறது. பூ மார்க்கெட்டிலும் காய்கறி மார்க்கெட்டிலும் மூட்டை இறக்க நள்ளிரவு இரண்டு மணிக்கு ஆள் வேண்டும். 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உத்தரவு இருந்தாலும், காப்பகத்துக் கதவு அந்த நேரத்தில் பெரும்பாலும் பூட்டியிருக்கும். மீன்பாடி வண்டி ஓட்டுபவருக்கு வண்டி பக்கத்தில் படுத்தால்தான் காலையில் வண்டி இருக்கும்.

நகரத்துக்கு வெளியே வீடு கொடுத்தார்களே என்பீர்கள். 2000-லிருந்து கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று அடுக்குமாடிகள் எழுந்தது உண்மை. சுவரும் கூரையும் கதவும் கிடைத்தன. ஆனால் சௌகார்பேட்டையில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தவர் பெரும்பாக்கத்திலிருந்து விடியற்காலை கிளம்பினாலும் எட்டு மணி வேலைக்கு வந்து சேர முடியவில்லை. வேலை போனது, சில பேர் திரும்பி அதே நடைபாதைக்கு வந்தார்கள். நன்றி கெட்டவர்கள் என்று அவர்களைச் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. சோறு இருக்கும் இடத்தில்தானே மனிதர் இருக்க முடியும்.

எங்கள் காப்பகத்திலும் குறை உண்டு. கழிவறை 34 பேருக்கு மூன்று. சிலர் வந்து, சண்டை போட்டுக்கொண்டு, போய்விடுகிறார்கள். அவர்கள் திரும்பி வந்தால் கதவைத் திறக்கிறோம். அதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: மாடியில் ஒற்றை அறை வாடகைக்கு விட்டிருக்கிறோம். போன வாரம் ஐம்பது வயதுள்ள ஓர் அம்மா தனியாக வந்து கேட்டார். வீட்டு வேலை செய்கிறாராம், இப்போது ஏதோ காப்பகத்தில் இருக்கிறாராம். அட்வான்ஸ் அவ்வளவு தர முடியாது என்றார். என் கணவர் “ஜாமீனுக்கு ஆள் இல்லாதவர்களுக்கு விட வேண்டாம்” என்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை.
— ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: உங்கள் மனசு சொல்வதையே பிடித்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட ஓர் அம்மா எங்களிடம் எப்படி வந்தார் என்று சொல்கிறேன். இதைக் கணவரிடமும் படித்துக் காட்டுங்கள்.

வியாசர்பாடியில் ஒற்றை அறை, வாடகை 4,500, அட்வான்ஸ் 45,000. கணவர் ஆட்டோ ஓட்டினார், இவர் இரண்டு வீட்டில் வேலை செய்தார். கணவருக்குப் பக்கவாதம் வந்தது. கூட இருக்க வேண்டுமே, இவர் வேலையை விட்டார். வாடகைக்கு “அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்” என்றார். வீட்டுக்காரரும் நல்லவர்தான், பத்து மாதம் கழித்துக்கொண்டார். பத்தாவது மாதம் முடிந்தபோது கணவர் இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது, அட்வான்ஸும் தீர்ந்திருந்தது. சாமானை விற்றுவிட்டு விழுப்புரத்தில் தங்கை வீட்டுக்குப் போனார். இரண்டு மாதத்தில் அங்கே முகம் மாறியது. சென்னைக்குத் திரும்பி வந்தால், பழைய வேலை கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை. மாதம் ஐயாயிரம் வாடகை அவரால் கொடுக்க முடியும். மொத்தமாக ஐம்பதாயிரம் முடியாது. இரண்டு நாள் என்று நினைத்து ஒரு கோவில் மண்டபத்தில் படுத்தவர் பதினான்கு மாதம் படுத்தார். பகலில் அடுத்தவர் வீட்டைத் துடைத்தார், இரவில் மண்டபம். அவர் வேலை செய்த இரண்டு வீட்டுக்கும் அது தெரியாது.

குடித்தோ சோம்பேறித்தனத்தாலோதான் தெருவுக்கு வருகிறார்கள் என்று நினைப்பவர்கள் இந்த அம்மாவைப் பார்க்க வேண்டும். ஒரு நோய், ஒரு சாவு, ஒரு அட்வான்ஸ். அவ்வளவுதான் தூரம்.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒத்துக்கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. அந்த ‘ஒழிய’ என்ற சொல்லுக்குள் இன்னும் பத்து மாத அட்வான்ஸ் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் மூன்று மாதம் வாங்குங்கள், ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். ஜாமீனுக்கு அவர் இருக்கும் காப்பகத்தின் பொறுப்பாளரை வரச் சொல்லுங்கள். நாங்கள் அப்படி ஏழு பேருக்குப் போய்க் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். ஒருவர் மட்டும் இரண்டு மாதம் பாக்கி வைத்தார். அதைப் பின்னால் கொடுத்தும்விட்டார்.

கேள்வி: என் அண்ணனுக்கு 58 வயது. குடியால் குடும்பம் உடைந்து பதினொரு வருடத்துக்கு முன் வீட்டை விட்டுப் போனார். சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரில் அவரைப் பார்த்ததாக ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். போய்க் கூட்டி வரலாமா? அவர் அண்ணியை அடித்ததை எல்லாம் நான் மறக்கவில்லை. ஆனாலும் என்னைத் தோளில் தூக்கித் திருவிழா காட்டியவர்.
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: போய்ப் பாருங்கள் தங்கச்சி. கூட்டி வருவதைப் பற்றி அங்கே போய் முடிவு செய்யலாம்.

தனியாகப் போகாதீர்கள். அவர் உங்களை அடையாளம் தெரியாதவர் போல நடித்தால் ஆச்சரியப்படாதீர்கள், வெட்கம்தான். “ஏன் போனே?” என்று கேட்க வேண்டாம். “சாப்பிட்டியா அண்ணா?” போதும். வர மாட்டேன் என்றால் இழுக்காதீர்கள். உங்கள் போன் நம்பரைத் தடித்த அட்டையில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு அவர் சட்டைப் பையில் வையுங்கள். நான் வார்டில் இருந்தபோது, பேச்சு மூச்சில்லாமல் வந்த எத்தனையோ பேர் பையில் அப்படி ஒரு சீட்டு இருக்காதா என்று தேடியிருக்கிறேன்.

ஒன்று மிக முக்கியம். அவர் இன்னும் தினமும் குடிப்பவர் என்றால், வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தி ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். பல வருடம் தினமும் குடித்த உடம்பில் சட்டென்று நிறுத்தினால் முதல் நாளில் கை நடுக்கம், வியர்வை, அப்புறம் வலிப்பும் வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாத பூச்சியும் ஆளும் கண்ணுக்குத் தெரியலாம். சிலர் அதில் செத்தே போவார்கள். பாசத்தால் பூட்டி வைத்து அண்ணனை இழந்த குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். முதலில் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு, அங்கே மருந்தோடு நிறுத்துவார்கள். அதற்குப் பிறகுதான் தஞ்சாவூர்.

அண்ணியை அடித்ததை மறக்க வேண்டாம். அண்ணியிடம் கேட்காமல் அவரை அந்த வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தவும் வேண்டாம். உங்கள் அண்ணனுக்கு இடம் தேட உங்களுக்கு உரிமை உண்டு. அது அந்த அம்மாவின் வீடாக இருக்க வேண்டியதில்லை.

கேள்வி: பிச்சை கேட்பவர்களுக்குக் காசு கொடுக்கலாமா?
— ஒரு வாசகர், சேலம்

பதில்: கொடுக்கத் தோன்றினால் கொடுங்கள், கணக்குக் கேட்காதீர்கள். வேறு என்ன கொடுக்கலாம் என்றால்: செருப்பு, கொசுவலை, பெண்களுக்கு நாப்கின். எல்லாவற்றையும் விட, கடை வைத்திருப்பவர் என்றால் உங்கள் கழிவறைச் சாவி. நடைபாதைப் பெண்கள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை. ராத்திரி எங்கே போவது என்ற பயம். அதனால் வரும் நீர்க்கடுப்பையும் சிறுநீரகக் கிருமித் தொற்றையும் வாரம் நாலு பேரிடமாவது பார்க்கிறேன். அதற்கு மாத்திரை நான் கொடுத்துவிடுவேன். கழிவறையை நான் எங்கே போய்க் கொடுப்பேன்?

கேள்வி: முகவரியே இல்லாதவர் ஓட்டுப் போட முடியுமா? ஆதார்?
— ஒரு வாசகர், திண்டிவனம்

பதில்: முடியும். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் ஆறாம் எண் படிவத்தில் அவர் படுக்கும் இடத்தையே எழுதலாம், சான்று கேட்க மாட்டார்கள். வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகளில் நேரில் வந்து, அவர் அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. ஆதாருக்கு அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர் தரும் சான்றிதழ் முகவரிச் சான்றாகும். நாங்கள் கொடுக்கிறோம்.

இது காகித விஷயம் என்று நினைக்காதீர்கள். முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்துக்கு ரேஷன் கார்டு, வருமானச் சான்று வேண்டும். முதியோர் உதவித்தொகை வர வங்கிக் கணக்கு வேண்டும். எல்லாவற்றிலும் இரண்டாவது கட்டம் ‘முகவரி’. முதல் பத்தியில் சொன்ன பாரிமுனைப் பாட்டிக்கு வயது எழுபதுக்கு மேல். பத்து வருடத்துக்கும் மேலாக வாங்கியிருக்க வேண்டிய உதவித்தொகை, அந்தக் கட்டத்தில் எழுத ஒன்றுமில்லாததால் வரவில்லை. போன மாதம்தான் மனு போட்டிருக்கிறோம்.

கேள்வி: நான் சமூகப்பணி படிக்கும் மாணவி. சில வெளிநாடுகளில் ‘முதலில் வீடு, பிறகு சிகிச்சை’ என்ற முறை நன்றாக நடப்பதாகப் படித்தேன். நம் ஊரில் அது வெறும் கனவு என்கிறார் எங்கள் சீனியர். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: கனவு இல்லை கண்ணு. 1992-ல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் இதைத் தொடங்கினார். குடியை விட்டால் வீடு, மாத்திரை சாப்பிட்டால் வீடு என்று நிபந்தனை போடாமல், முதலில் சாவியைக் கொடுத்துவிட்டு அதன்பின் மற்றதைப் பேசினார். பின்லாந்து 2008-லிருந்து இதையே அரசுத் திட்டமாக எடுத்துச் செய்தது, தங்கும் விடுதிகளையே ஒப்பந்தத்தோடு கூடிய வீடுகளாக மாற்றியது. நம் சென்னையிலேயே, 1993-ல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் தொடங்கிய ‘தி பேனியன்’ அமைப்பு, வருடக்கணக்கில் மனநல விடுதியில் இருந்துவிட்ட பெண்களை நாலைந்து பேராகச் சேர்த்து, சாதாரணத் தெருக்களில் வாடகை வீடு எடுத்துக் குடிவைத்தது. ‘ஹோம் அகெய்ன்’ என்று அதற்குப் பெயர். சமையல் அவர்களுடையது, பூட்டு அவர்களுடையது. உதவிக்கு ஓர் ஆள் வந்து போவார்.

இதைவிடப் பழைய பாடம் ஒன்று இந்த ஊரில் இருக்கிறது. 1956-ல் சென்னையில் காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். காசநோய் வந்தால் சானடோரியம் என்ற தனி மருத்துவமனையில் படுத்தே ஆக வேண்டும், நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு வேண்டும் என்று உலகமே நம்பிய காலம். அவர்கள் ஏழை நோயாளிகளில் பாதிப் பேரைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள், பாதிப் பேரை நெருக்கடியான அவரவர் வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தார்கள். 1959-ல் முடிவு வந்தது. சத்தில்லாத சாப்பாடு, ஒற்றை அறை, வேலை எல்லாம் இருந்தும் வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமாகியிருந்தார்கள். அதன்பின்தான் உலகம் சானடோரியங்களை மூடத் தொடங்கியது. நர்சிங் படிக்கும்போது இதைப் படித்து நான் பெருமைப்பட்டிருக்கிறேன்.

இப்போது யோசித்தால் அதில் வேறொன்று தெரிகிறது. அந்த வீடு எவ்வளவு மோசமாக இருந்தாலும் அது ஒரு வீடு. மருந்து டப்பா வைக்க ஒரு மாடம் இருந்தது. “இன்னிக்கு மாத்திரை போட்டியா?” என்று கேட்க ஒருவர் இருந்தார். ஆய்வு மையத்து நர்ஸ் வந்து தேடினால் ஆள் அங்கேயே இருந்தார். நடைபாதையில் இருக்கும் காசநோயாளியிடம் இந்த மூன்றும் இல்லை. ஆறு மாதம் மாத்திரை, மூன்றாம் மாதம் மாநகராட்சி லாரி வந்து மூட்டையை அள்ளிப்போகிறது, மாத்திரையும் அதற்குள் போகிறது. எங்களிடம் அப்படி இரண்டு முறை பாதியில் நின்றுபோன ஒரு பெண் வந்தார். 29 கிலோ இருந்தார். காப்பகத்தில் அவருக்கு நாங்கள் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. ஜன்னல் ஓரம் ஒரு கட்டில், பூட்டுள்ள ஒரு தகரப் பெட்டி, அரசு தரும் மருந்து, தினமும் இரண்டு முட்டை. ஆறு மாதம் முழுசாக முடித்தார். எடை 41.

உங்கள் சீனியரிடம் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் கிடைக்கிறது. பணம் அதிகம் இல்லை. உங்கள் காப்பகம் போன்ற இடங்களில் நான் என்ன செய்ய முடியும்? பாட்டு, ஓவியம் சொல்லித் தரலாமா?
— ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: பாட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஞாயிறுக்குப் பதில் மாதம் ஒரு சனிக்கிழமை காலை கொடுக்க முடியுமா? ஞாயிறு அரசு மருத்துவமனையில் பெரும்பாலும் ஓ.பி. கிடையாது.

எங்களிடம் ஊழியர்கள் மூன்று பேர். கண், பல், எலும்பு, சர்க்கரை என்று ஓ.பி.க்குப் போக வேண்டியவர்கள் எப்போதும் பத்துப் பேர் இருப்பார்கள். ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஓர் ஊழியர் போனால் அரை நாள் போய்விடுகிறது. அதனால் தவணை தள்ளிக்கொண்டே போகிறது. நீங்கள் ஒருவரோடு போங்கள். ஏழரைக்கே சீட்டு வரிசையில் நிற்க வேண்டும். டாக்டர் சொல்வதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், புரியாததைத் திரும்பக் கேளுங்கள். மருந்துக் கவுண்டரில் எத்தனை நாளுக்குக் கொடுத்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். டிஸ்சார்ஜ் என்றால், “இவங்க இங்கிருந்து எங்கே போவாங்க தெரியுமா டாக்டர்?” என்று நீங்களே கேட்டுவிடுங்கள். எக்ஸ்ரே அறைக்கு வெளியே உட்கார இடம் இருக்காது, ஒரு பழைய பெட்ஷீட் எடுத்து வாருங்கள். தண்ணீர், ஒரு பாக்கெட் பிஸ்கட், போன் சார்ஜர்.

உள்ளே போனதும் கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்பார்கள். கையைத் தூக்குங்கள்.